வாசகர் கேள்வி பதில்: மீண்டும் ஒரு மசில் கார்

கேள்வி: மிச்சிகனில் படித்துக்கொண்டிருந்தபோது 1968ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை, அதாவது பெரிய எஞ்சின் பொருத்திய அமெரிக்க மசில் காரை, வைத்திருந்தேன். பிள்ளைகள் பிறந்த பிறகு விற்றுவிட்டேன். இப்போது அவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அதே மாடலை மறுபடி வாங்கி, நானே படிப்படியாகச் சீர்செய்ய ஆசைப்படுகிறேன். எதைக் கவனித்து வாங்க வேண்டும்? எந்த வேலையை முதலில் தொடங்கலாம்?
– டெட்ராய்ட் வாசகர்

பதில்: எஞ்சினைப் பார்த்து மயங்காமல் பாடியைப் பார்த்து வாங்குங்கள். அந்த மஸ்டாங்கில் வந்த 289, 302 கன அங்குல வி8 எஞ்சின்களுக்கு இன்றும் உதிரி பாகங்கள் புதிதாகவே கிடைக்கின்றன. தேய்ந்த எஞ்சினை ஒரு நல்ல மெக்கானிக் பிரித்துக் கட்டிவிடுவார். ஆனால் இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் (பாரம் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. தரைத் தகடும் அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டங்களும் பாடியோடு ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டு முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. அவற்றில் துரு ஏறிவிட்டால் கதவு ஒழுங்காக மூடாது, சக்கர அலைன்மென்ட் நிற்காது, செலவுக்கும் எல்லை இராது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் உங்கள் மாநிலத்தில் பல ஆண்டுகள் ஓடி, இப்போது புதுப் பெயின்டில் பளபளக்கும் காரைவிட, அரிசோனா வெயிலில் நிறம் வெளுத்து, இருக்கை கிழிந்து நிற்கும் கார் மேலானது என்பதே என் உறுதியான கருத்து.

ஒரு சோதனையை அவசியம் செய்து பாருங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின்விளிம்பை ஒட்டி, உள்ளே காற்றுப் போவதற்கான திறப்புகள் வரிசையாக இருக்கும். அவற்றில் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சொட்டினால், இலைச் சருகும் ஈரமும் தேங்கி அந்த இரட்டைத் தகட்டைத் துரு அரித்துவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்ய முன் ஃபெண்டர்களைக் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரிக்க வேண்டியிருக்கும். சக்கர வளைவுகளிலும் ஃபெண்டரின் அடிப்பகுதியிலும் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் பட்டி கனமாகப் பூசப்பட்டிருக்கிறது.

வாங்கிய பிறகு, வேகத்தைக் கூட்டும் ஆசையைத் தள்ளிவைத்து, காரை நிறுத்தும் வேலையிலிருந்து தொடங்குங்கள். 1966 வரை வந்த மஸ்டாங்குகளில் பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறையோடே இருந்ததால், ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். உங்கள் 1968 மாடலில் இரட்டை அறை உண்டு; ஆனாலும் பெரும்பாலான கார்கள் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடன் வந்தவை, தொடர்ந்து மிதித்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடுவதுதான் முதல் மேம்பாடு. அடுத்தது பெட்ரோல் குழாய்கள். இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பொதுவாகப் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் கெட்டுக் கசியும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசிவதைவிடப் பெரிய ஆபத்து இந்தக் காரில் இல்லை. எஞ்சின் ஆயிலையும் பார்த்து வாங்குங்கள்: புதுக் கார்களுக்கான ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள், வால்வுகளைத் திறக்கும், தட்டையான டாப்பெட் கொண்ட பழைய கேம்ஷாஃப்டின் மேடுகள் அதனால் தேய்ந்துபோகக்கூடும்.

கேள்வி: 1970ஆம் ஆண்டு செவர்லே செவெல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எஸ்எஸ் 454 (454 கன அங்குல எஞ்சின் கொண்ட ‘சூப்பர் ஸ்போர்ட்’ வகை) என்கிறார்கள். உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஹூஸ்டன் வாசகி

பதில்: சந்தேகத்தோடு அணுகுங்கள், அம்மா. அந்த ஆண்டு செவெலின் வாகன அடையாள எண்ணில் எஸ்எஸ் என்பதற்கான குறியீடே கிடையாது. செவெலின் சாதாரண வகையான மாலிபுவில் எஸ்எஸ் சின்னத்தையும் கோடுகளையும் ஒட்டி விற்பது அதனால் எளிதாகிவிட்டது. காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று குறித்துத் தொழிற்சாலை ஒட்டிய பில்ட் ஷீட், பெட்ரோல் டேங்கின் மேல்புறத்தில் ஒட்டிக்கொண்டு இன்றும் கிடைப்பது உண்டு. எஞ்சினின் முன்பகுதியில், வலப்புற சிலிண்டர் தலைக்கு முன்னால் உள்ள மட்டமான இடத்தில் பொறித்திருக்கும் எண், காரின் அடையாள எண்ணின் கடைசிப் பகுதியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 450 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்6 எஞ்சின் உள்ளது என்று சொல்லிக் காகிதம் எதுவும் காட்டாவிட்டால், மாலிபுவின் விலைக்கு மேல் ஒரு டாலரும் தராதீர்கள்.

கேள்வி: பழைய மசில் காரில் புது எஞ்சின் பொருத்துவது அந்தக் காருக்குச் செய்யும் துரோகம் இல்லையா?
– நியூ ஜெர்சி வாசகர்

பதில்: எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. ஆவணங்களோடு வந்த, 426 ஹெமி எஞ்சின் கொண்ட டாட்ஜையோ 428 கோப்ரா ஜெட் எஞ்சின் கொண்ட மஸ்டாங்கையோ வெட்டி மாற்றுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் சொந்த எஞ்சினை எப்போதோ இழந்துவிட்ட ஒரு சாதாரண செவர்லே கமாரோவில், அந்த நிறுவனம் 1997 முதல் தயாரித்த நவீன எல்எஸ் வகை எஞ்சினைப் பொருத்தி ஓட்டுவதில் குற்றமே இல்லை. இரண்டுக்கும் நடுவே, பழைய நிலைக்குத் திரும்ப இடம் வைத்துச் செய்யும் மாற்றங்களே எனக்குப் பிடித்தவை. பழைய நான்கு கியர் பெட்டிகளில் ஓவர்டிரைவ் (அதிவேகத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கியர்) இல்லாததால் நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் இரைந்துகொண்டே ஓடும். ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டி ஒன்றே பயணத்தின் சுகத்தை மாற்றிவிடும். கார்ப்பரேட்டர் இருந்த இடத்திலேயே அமரும் ஃப்யூயல் இஞ்செக்ஷனும் கிடைக்கிறது; மேலே பழைய ஏர் ஃபில்டர் மூடியைப் போட்டுவிட்டால் பானெட்டைத் திறந்தாலும் வித்தியாசம் எளிதில் தெரியாது. கழற்றிய கியர் பெட்டியையும் கார்ப்பரேட்டரையும் பழைய இரும்பு விலைக்குப் போடாமல், எண்ணெய் தடவிச் சுற்றி, எந்தக் காருடையவை என்று எழுதிக் கட்டி வையுங்கள். காரை விற்கும்போது அவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.