மந்தையைக் காத்தவர்களின் பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மாட்டுப் பண்ணைக்காரர்களே கவிஞர்களாக மேடையேறும் விழா ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்த சென்னை வாசகர்கள் பலர் மேலும் விவரம் கேட்டு எழுதியிருப்பதால், இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வாசகர், பெரம்பூர்: கௌபாய் என்றாலே துப்பாக்கியும் குதிரையுமாகத் திரையில் வரும் வீரன்தான் நினைவுக்கு வருகிறான். அவனுக்கும் கவிதைக்கும் என்ன தொடர்பு?

கௌபாய் என்பவர் கூலிக்கு மாடு ஓட்டிய தொழிலாளி. அதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது டெக்சஸில் மாடுகள் பெருகிக் கிடந்தன. இறைச்சி வாங்குவோரோ வடக்கிலும் கிழக்கிலும் இருந்தார்கள். கான்சஸ் மாநிலத்து ஆபிலீன் என்ற சிற்றூரில் 1867-இல் மாடுகளை ரயிலேற்றுவதற்கான தொழுவங்கள் அமைந்ததும், இரண்டாயிரம் மூவாயிரம் மாடுகள் கொண்ட மந்தைகளைப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, நாளொன்றுக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் வீதம், மாதக்கணக்கில் வடக்கு நோக்கி நடத்திச் சென்றார்கள். அவர்களுடைய அன்றாடக் கவலை துப்பாக்கிச் சண்டை அன்று. பெருக்கெடுத்த ஆறு, இடி மின்னல், தூக்கமின்மை, காலொடிந்த குதிரை ஆகியவையே. எழுத்தறிவு குறைந்தவர்களும் நன்கு படித்தவர்களும் கலந்திருந்த அந்தக் கூட்டத்தில், இரவு நெருப்பைச் சுற்றி அமர்ந்து பேசுவதற்கும் பாடுவதற்கும் பொழுது இருந்தது. அன்று நடந்தவற்றையே எதுகையும் சந்தமும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது.

வாசகி, மயிலாப்பூர்: நான் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். அவர்கள் மாடுகளுக்காகப் பாடினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மையாகவே மாடுகளுக்காகவா?

ஆம் அம்மா, உண்மையாகவே மாடுகளுக்காகத்தான். இரவில் மந்தை படுத்த பிறகு, இருவர் குதிரையேறி எதிரெதிர்த் திசைகளில் அதைச் சுற்றி வருவார்கள். சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாறும். திறந்த வெளியில் படுத்திருக்கும் மாடு எதற்கும் மிரளும்: தீக்குச்சி உரசும் ஒளி, சேணம் கிரீச்சிடும் ஓசை, தொலைவில் ஒரு மின்னல். ஒரு மாடு எழுந்து ஓடினால் மந்தை முழுவதும் எழுந்து ஓடும். இருட்டில் அதற்கு முன்னால் குதிரையை விடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். காவல்காரர் இடைவிடாமல் பாடிக்கொண்டே சுற்றினால், அவர் எங்கே வருகிறார் என்று மாடுகளுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்; இருளிலிருந்து திடீரென்று ஓர் உருவம் முளைத்தது போன்ற அச்சம் அவற்றுக்கு ஏற்படாது. பாடுபவருக்கும் அதனால் தூக்கம் கலையும்.

இந்தத் தேவையே அந்தப் பாடல்களின் வடிவத்தைத் தீர்மானித்தது. குதிரை நடையின் வேகத்தை மீறாத விளம்ப காலம், உச்ச ஸ்தாயிக்குத் தாவாத மெட்டு, ஒரே மெட்டில் எத்தனை சரணங்கள் வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளும் வசதி ஆகியவை அவற்றின் இயல்பு. தேவாலயத்தில் கேட்ட துதிப்பாடல், ஐரிஷ், ஸ்காட்டிஷ் நாட்டவர் கொண்டுவந்த கதைப்பாடல் என்று எந்த மெட்டு நினைவில் இருந்ததோ அதிலேயே புதிய சொற்களை இட்டுப் பாடினார்கள். கிதாரைத் திரைப்படங்கள்தாம் அவர்கள் கையில் நிரந்தரமாகக் கொடுத்தன. குதிரைமேல் சுற்றிவரும் காவல்காரருக்கு அதை வாசிக்க ஏது கை? தங்கள் மாணவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்: கேட்பவர் யார் என்பது பாட்டின் இலக்கணத்தையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வாசகர், அண்ணா நகர்: இவர்களுடைய இசையும் கன்ட்ரி இசையும் ஒன்றுதானா?

அல்ல. கன்ட்ரி இசை தென்கிழக்கு மாநிலங்களின் மலைப்பகுதிகளில் வேர்விட்டு, நாஷ்வில் நகரில் பெரிய தொழிலாக வளர்ந்தது. பண்ணை இசைக்கு வெஸ்டர்ன் என்று பெயர். அதன் பொருள் நிலம், குதிரை, மாடு, பருவம், வேலை ஆகியவை. இந்த வேறுபாடு மறைந்துபோகக் கூடாது என்பதற்காகவே அந்த இசைக்காரர்கள் 1980-களின் இறுதியில் தங்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

வாசகர், கே.கே. நகர்: நெடுந்தூர மந்தை ஓட்டம் இருபது ஆண்டுகளில் முடிந்துபோனதாகப் படித்திருக்கிறேன். பிறகு பாடல்கள் எப்படிப் பிழைத்தன?

நீங்கள் படித்தது சரியே. 1874-இல் ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பி, திறந்த புல்வெளியைத் துண்டு துண்டாக அடைத்தது. ரயில் பாதை டெக்சஸுக்கே வந்து சேர்ந்தது. 1886–87 குளிர்காலத்தின் பனிப்புயல்கள் வடக்குச் சமவெளியில் எண்ணற்ற மாடுகளைக் கொன்று பல பண்ணைகளை நொடித்துப்போகச் செய்தன. ஆயினும் மந்தை ஓட்டம் நின்றதே தவிர, மாடு வளர்ப்பு நிற்கவில்லை. கன்றுகளுக்குச் சூடு போடுவது, கோடையில் மலைமேய்ச்சலுக்கு ஓட்டிச்சென்று பனிக்கு முன் திருப்பிக் கொண்டுவருவது போன்ற வேலைகளுக்கு இன்றும் பல இடங்களில் குதிரைதான் செல்ல முடிகிறது. தொழில் இருந்ததால் பாட்டும் இருந்தது.

தொகுத்தவர்களையும் நன்றியுடன் சொல்ல வேண்டும். ஜாக் தார்ப் என்பவர், தாமே மாட்டுத் தொழிலில் இருந்தவர், 1908-இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். டெக்சஸில் வளர்ந்த ஜான் லோமாக்ஸ் 1910-இல் பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார்.

இவர்களைவிட என் மனத்தைத் தொடுபவர் புரூஸ் கிஸ்காடன் (1878–1950). இளமையில் மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்த அவர், பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர விடுதிகளில் விருந்தினரின் பெட்டி தூக்கும் பணியாளராக இருந்தார். வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் கவிதை எழுதினார். அந்நகரின் கால்நடைச் சந்தை நிறுவனம் வெளியிட்ட மாத நாட்காட்டிகளில் அவை ஒரு சித்திரத்துடன் அச்சாயின. மேற்கு மாநிலங்களின் பண்ணைச் சமையலறைகளில் அந்தத் தாள்கள் தொங்கின. மாதம் முடிந்ததும் கிழித்து எறியாமல் எடுத்து வைத்துக்கொண்டவர்கள் பலர். கவிதையைப் பத்திரிகையோ பல்கலைக்கழகமோ காப்பாற்றவில்லை, மாட்டு விலை பார்க்க மாட்டிய நாட்காட்டி காப்பாற்றியது. நம் வீடுகளில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டியின் முருகன் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பற்று புரியும்.

வாசகி, நங்கநல்லூர்: அந்த விழாவைத் தொடங்கியவர்கள் யார்? ஏன் கடுங்குளிரில் நடத்துகிறார்கள்?

நெவாடாவின் வடகிழக்கில், கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் எல்கோ என்ற ஊரில், 1985 ஜனவரியில் அது முதன்முதலாக நடந்தது. ஹால் கேனன் என்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளரும் மற்ற மேற்கு மாநிலங்களில் அதே துறையில் இருந்தவர்களும் பண்ணை பண்ணையாகச் சென்று, மனப்பாடமாகக் கவிதை சொல்லக்கூடியவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். வேடி மிட்செல் என்ற நெவாடா மாட்டுப் பண்ணைத் தொழிலாளி அவர்களுடன் தோள்கொடுத்து நின்றார். ஜனவரி இறுதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மிக எளிது: கன்று ஈனும் பருவம் தொடங்குவதற்கு முன் பண்ணைக்காரர்களுக்கு ஓய்வு கிடைப்பது அப்போதுதான். குளிரைப் பார்த்தால் ஆள் வரமாட்டார்கள்; ஓய்வைப் பார்த்தால்தான் வருவார்கள். வந்தார்கள், எதிர்பார்த்ததற்கு மேல் வந்தார்கள். தத்தம் பண்ணையில் தனியே கவிதை கட்டிக்கொண்டிருந்தவர்கள், தம்மைப்போல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டார்கள். 2000-இல் அமெரிக்க செனட் சபை அதைத் தேசிய விழாவாக அங்கீகரித்தது.

கவிதை சொல்லும் முறையைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலோர் கையில் தாள் இல்லை. தொப்பியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் செய்தி சொல்வதுபோலப் பேச்சில் தொடங்குவார்கள். எந்த இடத்தில் பேச்சு முடிந்து கவிதை தொடங்கியது என்று கேட்பவருக்குத் தெரியாது, இரண்டாவது எதுகை விழும்போதுதான் தெரியும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த வேலை தெரியும் என்பதால் பொய் எடுபடாது. சுருக்குக் கயிற்றை வீசிய பிறகு அதைச் சேணத்தின் கொம்பில் எப்படிச் சுற்றுவது என்பதைத் தவறாகச் சொன்ன கவிஞர், எதுகை எவ்வளவு இனித்தாலும், அந்த அரங்கில் மதிப்பு இழப்பார். சென்னை சபாக்களில் முன்வரிசையில் அமர்ந்து தொடையில் தாளம் போடுகிற ரசிகரை நம் வித்துவான்கள் மதிப்பதற்கும் இதுவேதான் காரணம்.

வாசகர், வேளச்சேரி: படங்களில் காண்பவர்கள் அனைவரும் வெள்ளையின ஆண்களாகவே இருக்கிறார்களே?

படங்கள் சொல்லாமல் விட்டதுதான் இதில் பெரும்பகுதி. குதிரைமேல் அமர்ந்து கயிறு வீசி மாடு பிடிக்கும் கலை முழுவதும் மெக்சிகோவின் வக்கேரோ என்னும் மாட்டுக்காரர்களிடமிருந்து வந்தது. சேணமும் கயிறும் கால்மறைப்பும் அவர்கள் தந்தவை. அவர்களில் சிலர் 1830-களில் ஹவாய்த் தீவுகளுக்கு மாடு பிடிக்கக் கற்றுக்கொடுக்கச் சென்று, அங்கே கிதாரையும் விட்டுவந்தார்கள். இன்று உலகம் ரசிக்கும் ஹவாய் கிதார் மரபு அதிலிருந்து கிளைத்தது. டெக்சஸ் மந்தைகளை ஓட்டியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு அந்த வேலைக்கு வந்தவர்கள் அவர்களுள் பலர். மொன்டானா மாநிலத்தின் அரசவைக் கவிஞராக விளங்கிய ஹென்றி ரியல் பேர்ட், க்ரோ பழங்குடியைச் சேர்ந்தவர். 1921-இல் அரிசோனாவில் பிறந்த ஜார்ஜி சிக்கிங் என்ற பெண்மணி, ஆண்களுக்குச் சமமாகக் குதிரையேறி மாடு மேய்த்துக் கூலி வாங்கியவர். அந்த அனுபவத்தையே கவிதையாக்கி எல்கோ மேடையில் சொன்னவர். பாரம்பரியத்தைக் காப்பது என்றால் இவர்கள் அனைவரையும் சேர்த்துக் காப்பதுதான். இல்லையென்றால் காப்பது திரைப்படத்தைத்தான்.

வாசகர், தாம்பரம்: மேடையில் கவிதை சொல்வதால் பண்ணை பிழைத்துவிடுமா? இது வெறும் பழம்பெருமை ஆகாதா?

நியாயமான ஐயம். அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி விவசாயிகளின் சராசரி வயது 58-ஐத் தாண்டிவிட்டது. நிலவிலை ஏறி, பிள்ளைகள் நகரத்துக்குப் போய், பண்ணைகள் கைமாறுகின்றன. கவிதையால் வங்கிக் கடன் அடைபடாது.

ஆனால் இந்தக் கவிஞர்களில் சிறந்தவர்கள் பழம்பெருமை பேசவில்லை. மொன்டானாவின் ரோஸ்பட் ஓடைக் கரையில் பரம்பரையாக மாடு வளர்த்துவந்த வாலஸ் மெக்ரே, தம் பண்ணைக்கு அருகே நிலக்கரிக்காக நிலத்தை அகழ்ந்தபோது, அதை எதிர்த்துப் பேசினார், அமைப்பில் சேர்ந்து போராடினார், கவிதையும் எழுதினார். நாட்டின் உயரிய நாட்டார் கலை விருதான தேசியப் பாரம்பரிய விருது 1990-இல் அவருக்குக் கிடைத்தது. கௌபாய்க் கவிஞர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. 1995-இல் அதே விருதைப் பெற்ற பக் ராம்சே, இளம் வயதில் குதிரையிலிருந்து வீழ்ந்து எஞ்சிய காலம் முழுவதும் சக்கர நாற்காலியில் இருந்தவர். இனி ஏறவே முடியாத குதிரையைப் பற்றி அவர் பாடியதில் புலம்பல் இல்லை. புல்லின் நிறமும் விடியற்காலைக் குளிரும் அவ்வளவு துல்லியமாக இருந்தன. பெரிய கால்நடைகளுக்கு மருத்துவம் பார்த்த பாக்ஸ்டர் பிளாக், மாட்டிடம் உதை வாங்கும் மனிதரைப் பாடி, பண்ணையையே பார்த்திராத வானொலி நேயர்களை லட்சக்கணக்கில் ஈர்த்தார். வறட்சியும் கடனும் விற்றுப்போன நிலமும் இன்றைய கவிதைகளில் இடம்பெறுகின்றன. துயரத்தைத் தம் மொழியில் சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருப்பதே, தனிமையில் உழலும் குடும்பங்களுக்குப் பெரிய துணை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொப்பியும் பளபளக்கும் பெல்ட்டும் அணிந்து மேடைக்கென்றே பாடுபவர்களும் உண்டு. அவர்களில் நல்ல குரல் வளம் உடையவர்கள் இருக்கிறார்கள், அவர்களால் இந்த இசை பரவுகிறது என்பதும் உண்மை. இருந்தாலும் வேலை தெரிந்தவர் பாடும்போது கிடைக்கும் நுட்பம் வேறு.

வாசகர், வியாசர்பாடி: எங்கள் பகுதிக் கானாவை இதனுடன் ஒப்பிடலாமா? தமிழ்நாட்டில் மாடு மேய்ப்பவர் பாட்டு இல்லையா?

தாராளமாக ஒப்பிடலாம். வாழும் இடத்தில், தம் மக்கள் நடுவே, தம் பேச்சில், எதுகையைப் பற்றிக்கொண்டு கட்டப்படுவது கானா. சாவு வீட்டில் இரவு முழுவதும் அதைக் கேட்டு அமர்ந்திருப்பவர்களுக்கு இறந்தவரைத் தெரியும். அந்த நெருக்கம் இரண்டுக்கும் பொது. கானாவுக்கு இன்று மேடையும் இளைஞர்களும் இருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது.

நம் ஏற்றப்பாட்டின் கதை வேறு. இறைத்த சால்களின் எண்ணிக்கையைப் பாட்டிலேயே கோத்துப் பாடிய அந்த வடிவம், பம்புசெட் வந்ததும் வேலையை இழந்தது. கரைவலை இழுத்தபோது எழுந்த ஏலேலோவும் எஞ்சின் படகுகள் வந்தபின் மெலிந்துவிட்டது. கி.வா. ஜகந்நாதன், நா. வானமாமலை போன்றோர் தொகுத்ததால் சொற்களாவது எஞ்சின. மேய்ப்பவர்களைப் பற்றிக் கேட்டீர்கள்: இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் கிடை போடச் செல்லும் கீதாரிகள் இன்றும் இருக்கிறார்கள். இரவில் கிடைக்குக் காவல் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதையையும் பாட்டையும் அவர்கள் வாயாலேயே கேட்க ஒரு மேடை வேண்டும். பொங்கலையொட்டிச் சென்னைப் பூங்காக்களிலும் திடல்களிலும் நடக்கும் சென்னை சங்கமத்தில் பறையாட்டமும் கரகமும் பார்க்கிறோம். அங்கே ஒரு மாலைப்பொழுதை வேடமும் ஒப்பனையும் இல்லாமல் கீதாரிகளுக்கும் காங்கேயம், புலிக்குளம் மாடு வளர்ப்பவர்களுக்கும் கொடுத்தால், கேட்பதற்கு முதல் ஆளாக நான் வருவேன். தேதி குறிப்பவர்கள் அவர்களுடைய ஓய்வுக் காலத்தைக் கேட்டுக் குறிக்க வேண்டும்.

கல்லூரி மாணவி, அடையாறு: சென்னையில் இருந்தபடியே எல்கோ நிகழ்ச்சிகளைக் கேட்க முடியுமா?

முடியும். விழாவை நடத்தும் வெஸ்டர்ன் ஃபோக்லைஃப் சென்டர் சில நிகழ்ச்சிகளை இணையத்தில் வெளியிடுகிறது. பழைய பதிவுகளும் கிடைக்கின்றன. முதலில் இசையில்லாத கவிதை வாசிப்புகளைக் கேளுங்கள், பிறகு பாடல்களுக்குச் செல்லுங்கள். நேரடி ஒளிபரப்பு இருந்தால், அங்கே மாலை 7 மணிக்குத் தொடங்குவது நமக்கு மறுநாள் காலை 8.30 மணி.