ஒரு போன், 38 பிள்ளைகள்

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். 38 பிள்ளைகள். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு உண்டு. போன் என்னுடையது மட்டும்தான். கணினி அறையில் ஒருநாள் காஹூட் என்ற இணைய வினாடி வினா விளையாட வைத்தேன். ஒரே கொண்டாட்டம். மறுநாள் அதே கேள்விகளைக் கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். விளையாட்டே வேண்டாமென்று விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், விளையாட்டை மாற்றிப் பாருங்கள். காஹூட்டில் சரியான விடையைச் சீக்கிரம் தட்டுகிறவருக்குப் புள்ளி கூடுதல். கடிகாரம் ஓடும்போது பிள்ளைகள் எங்கே யோசிக்கப் போகிறார்கள்?

உங்களுக்குப் பிளிக்கர்ஸ் என்ற வினாடி வினா செயலி தோதாக இருக்கும். பிள்ளைகளுக்குப் போனே வேண்டாம். ஆளுக்கு ஒரு அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களும், நான்கு ஓரத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி என்றும் இருக்கும். தன் விடை மேலே வருகிற மாதிரி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் போன் கேமரா வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் கோலமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிற வேலை நடக்காது. அட்டையைக் கெட்டித் தாளில் அச்சிடுங்கள். லேமினேஷன் போட்டால் வெளிச்சம் பட்டுப் பளபளத்து, கேமரா படிக்காமல் மக்கர் பண்ணும். பிள்ளைகளின் முழுப் பெயரை ஏற்றாதீர்கள்; வரிசை எண் போதும்.

இனிமேல்தான் உங்கள் உழைப்பு. ஒரு வகுப்புக்கு ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். ஆனால் தவறான விடைகளை யோசித்து வையுங்கள். ‘முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிவது எது?’ என்று கேட்டு, கொள்ளிடத்தோடு கங்கை, நர்மதை என்று போட்டால் யாரும் தவற மாட்டார்கள், நீங்களும் எதையும் தெரிந்துகொள்ள மாட்டீர்கள். வெண்ணாறு என்று ஒன்றைப் போடுங்கள். உங்கள் பக்கத்து வயலுக்கு வருவது வெண்ணாற்றுத் தண்ணீர். பழகிய பெயர், பாதி அட்டை அங்கேதான் திரும்பும். அந்தப் பிள்ளைகள் கல்லணையில் பிரிவதை முக்கொம்புக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வகுப்பு இப்படி இரண்டாகப் பிரிந்தால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். ‘பக்கத்தில் இருப்பவரிடம் ஏன் என்று சொல்லுங்கள்’ என்று இரண்டு நிமிடம் விட்டு, அதே கேள்விக்கு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் தன் இயற்பியல் வகுப்பில் செய்து பிரபலமாக்கிய முறை இது. எட்டாம் வகுப்புக்கும் நன்றாகவே பொருந்தும். அப்புறம் வரைபடத்தை விரித்து முக்கொம்பு, கல்லணை இரண்டையும் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுநாள் முதல் கேள்வியும் இதுவே இருக்கட்டும்.

முதலிடம், கடைசியிடம் என்று பட்டியல் எதுவும் போர்டில் வேண்டாம். கடைசியில் வருகிற பிள்ளை யாரென்று வகுப்புக்கு ஏற்கெனவே தெரியும்.

நெட் போய்விட்டால்? எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சோடு சேர்த்து ஒன்று முதல் நான்கு வரை விரல் காட்டட்டும். நீங்கள் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.