பாறை விழுமுன் அறிய முடியுமா?

கேள்வி: மலைச்சாலையோரப் பாறைகளின் மீது கம்பி வலை போர்த்தியிருக்கிறார்களே, அது போதுமான பாதுகாப்புத் தருமா? பாறை விழப்போவதை முன்கூட்டியே கணிக்க இயலுமா? (குன்னூர் வாசகர்)

பதில்: விழும் பாறையின் அளவைப் பொறுத்தது. சரிவை ஒட்டிப் போர்த்திய வலை, உதிரும் கற்களைச் சாலைக்குத் துள்ளவிடாமல் அடிவாரத்தில் இறக்கிவிடும். உருண்டுவரும் பெரிய பாறைக்கு, எஃகு வளையங்களால் பின்னப்பட்டு, இழுபட்டு விசையை உள்வாங்கும் தனித் தடுப்பு வேலி வேண்டும். மலைச்சரிவே பெயர்ந்தால் இரண்டும் பயன்படா. மக்களை அகற்றுவதே வழி. சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் கிராமத்துக்கு மேலிருந்த சரிவை ரேடார் முதலிய கருவிகளால் தொடர்ந்து அளந்துவந்தபோது, நகர்வின் வேகம் கூடுவது தெரிந்ததால், 2023 மே 12-க்குள் ஊர் முழுவதும் காலிசெய்யப்பட்டது. ஜூன் 15 நள்ளிரவையொட்டிச் சரிந்த பாறைக்குவியல் பள்ளிக்கூடத்தருகே வந்து நின்றது, உயிரிழப்பு இல்லை.

எல்லாச் சரிவுகளிலும் ரேடார் நிறுத்த இயலாது. விரிசல்கள் சாலைப்பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, அவற்றில் நீர் கசிகிறதா, வேர்கள் நுழைந்துள்ளனவா என்று நிலவியலாளர் ஆராய்வர். ஆயினும், அடிவாரத்தில் எவ்வளவு தொலைவுவரை பழைய பாறைகள் கிடக்கின்றன என்பதே என் கணிப்பில் மிக நேர்மையான சாட்சி. நாமோ அவற்றைத் தேநீர்க் கடையின் இருக்கையாக்கிவிடுகிறோம்.