இண்டர்வியூவில் தடுமாறினால் படிப்பை மாற்ற வேண்டுமா?

அம்மா, சுங்கை சிப்புட்டிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஈப்போ பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன், பயிற்சிக்கான இண்டர்வியூவில் ஒரு கேள்விக்குத் திணறிவிட்டார், கணினியை விட்டுக் கணக்கியலுக்கு மாற்றலாமா என்கிறீர்கள். வேண்டாம். டிப்ளோமா முடிக்கும் முன்பே அதற்குச் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளைகள் குறைவு.

பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்று தோட்டத்துப் பெற்றோருக்குக் காட்டும் செயலியை, கைப்பேசிச் செயலிகள் உருவாக்க உதவும் ஃப்ளட்டரில் செய்திருக்கிறார். நல்ல வேலை. பேருந்து இருக்கும் இடம் ஸ்ட்ரீம் என்ற தொடர் தகவல் ஓட்டமாகச் செயலிக்கு வரும். பெற்றோர் வரைபடத் திரையை மூடிய பிறகு அந்த ஸ்ட்ரீம் என்ன ஆகும் என்று இண்டர்வியூவில் கேட்டிருக்கிறார்கள். லயன் வீட்டைக் காலி செய்து தாமான் வீட்டுக்குப் போனவர் பேப்பர்காரரிடம் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? பழைய வாசலில் பேப்பர் குவியும், மாதக் கட்டணமும் ஏறும். அதேதான். திரை போய்விட்டது, ஸ்ட்ரீமுக்குக் கட்டிய சந்தா, அதாவது சப்ஸ்கிரிப்ஷன், போகவில்லை. நினைவகம் விடுபடாது, டேட்டாவும் பேட்டரியும் கரையும்.

இனி வருவதைத் தம்பியிடம் காட்டுங்கள்.

தம்பி, ஸ்ட்ரீமைக் கேட்கத் தொடங்கும் லிசன் திருப்பித் தரும் ஸ்ட்ரீம்சப்ஸ்கிரிப்ஷனை ஒரு மாறியில் வை. திரை மூடும்போது ஓடும் டிஸ்போஸில் அதைக் கேன்சல் செய். இல்லாவிட்டால், திரையை மூன்று முறை திறந்து மூடியவரின் கைப்பேசியில், பேருந்து நகரும் ஒவ்வொரு முறையும் ஒரே வேலை மூன்று முறை நடக்கும். மூடிய திரையில், திரையைப் புதுப்பிக்கும் செட்ஸ்டேட் ஓடிப் பிழையும் வரும். ஸ்ட்ரீமைக் கேட்டுத் திரையில் காட்டும் ஸ்ட்ரீம்பில்டர் பயன்படுத்தினால் ரத்து செய்வதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் திரையை வரையும் பில்டுக்குள்ளேயே ஸ்ட்ரீமை உருவாக்காதே. திரை வரையப்படும்போதெல்லாம் பழையதை விட்டுப் புதிதாகப் பதிவாகும்.

அப்புறம், நிறுத்தத்தின் பெயரைத் தேடும் பெட்டி. எழுத்துக்கு ஒரு கோரிக்கை அனுப்பினால், பழைய பதில் தாமதமாக வந்து புதியதை மூடிவிடும். ஸ்ட்ரீம்களைக் கையாளும் ஆர்எக்ஸ்டார்ட்டில், தட்டச்சு நின்றபின் அனுப்பும் டிபவுன்ஸை 300 மில்லிவினாடிக்கு வைத்து, பின்னால் சுவிட்ச்மேப் போடு. புதுத் தேடல் வந்ததும் பழைய பதிலுக்குக் காத்திருப்பதை அது விட்டுவிடும். ஃப்ளாட்மேப் அப்படி விடாது. இந்த வித்தியாசத்தைக் கேட்டாலும் கேட்பார்கள்.

ஆண்ட்ராய்டில் ஆர்எக்ஸ்ஜாவா, கோட்லின் ஃப்ளோ, ஆப்பிளில் 2019இல் வந்த கம்பைன் என்று இதே வேலைக்கான கருவிகளின் பெயர்கள் மாறும். யார் திறந்தார், யார் எப்போது மூடுவார் என்ற கணக்கு எல்லாவற்றிலும் உண்டு. எல்லாவற்றையும் மேயாதே, ஒன்றில் ஆழமாகப் போ.

அம்மா, ஆயிரக்கணக்கான வெள்ளி கட்டித் தனி வகுப்பு இதற்குத் தேவையில்லை. ஃப்ளட்டரின் அதிகாரபூர்வ ஆவணங்கள் இலவசம். அதே பேருந்துச் செயலியைத் திருத்தி, திரையைப் பலமுறை திறந்து மூடும்போது திருத்தத்துக்கு முன்னும் பின்னும் நினைவகம் எப்படி இருக்கிறது என்பதை ஃப்ளட்டரின் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் படம் பிடித்து வைக்கட்டும். அடுத்த இண்டர்வியூவில் சான்றிதழை விட அந்தப் படம்தான் பேச்சை வளர்க்கும்.

ஐபோன் வாங்கித் தர வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஐபோன் செயலியை உருவாக்க மேக் கணினியும் வேண்டும். பழக, கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போதும்.