ஓவியர்கள் ஏன் ஒரே சமயத்தில் பல படங்களைப் பாதியில் வைத்திருக்கிறார்கள்? ஒரு படம் முடிந்தது என்பது எப்படித் தெரியும்?

கேள்வியின் முதல் பாதியை எங்கள் அம்மாவிடம் கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும்: சோம்பேறித்தனம். சென்னை மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய காசிமேட்டில் எங்கள் வீடு ஒன்றரை அறை. அதில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த மூன்று கான்வாஸ், துணிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கும் அச்சுத் தாள்கள், கட்டிலுக்கடியில் ஒரு லினோ பலகை (செதுக்கி அச்செடுக்கும் மெத்தென்ற பலகை). ஒன்றும் முடிந்தபாடில்லை. மண்ணெண்ணெய் வாடை வேறு. அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் பாதிக் குற்றம் எண்ணெயுடையது.

எண்ணெய் வண்ணம் ஈரத்துணி உலர்வதுபோல உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சி மெல்ல மெல்ல இறுகுகிறது. அம்பர் பழுப்பு ஓரிரு நாளில் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்துவிடும். டைட்டானியம் வெள்ளை நாள் கணக்கில் இழுத்தடிக்கும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிப் பூசினால் மேல்பூச்சு முதலில் இறுகி, அடியிலுள்ளது பிறகு அசைந்து, வெடிப்பு விட்டுவிடும். அவசரப்பட்டு ஒரு படத்தை அப்படிக் கெடுத்திருக்கிறேன். ஆகவே ஒன்று காயும் வரை இன்னொன்றைக் கையில் எடுக்கத்தான் வேண்டும்.

என் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது: மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்போது துறைமுகத்தில் படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். சிலவற்றைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். எனக்குப் படகு அசையாமல் நிற்கும் காலம் அது ஒன்றுதான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பச்சைப் படகின் முகப்பை எண்ணெயில் தொடங்கினேன். ஜூன் 14 இரவு ஐஸ் ஏற்றினார்கள். மறுநாள் நான் போனபோது படகு நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. அடுத்த ஏப்ரலில் அதே படகு நீலமாக நின்றது. சரி என்று பச்சையின்மேல் நீலம் பூசினேன். அதற்கடுத்த வருடம் முகப்புப் பலகையையே மாற்றிவிட்டார்கள். அந்தக் கான்வாஸில் இப்போது மூன்று வருடப் படகு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது, பார்ப்பவருக்குத் தெரிவது கடைசிப் படகு மட்டுமே. ஓவியம் தன் பழைய நாட்களை விழுங்கிவிடும். பெரிய அருங்காட்சியகங்களில்கூட எக்ஸ்ரே எடுத்துத்தான் அடியில் என்ன இருந்தது என்று பார்க்கிறார்கள்.

அச்சுக்கலை இதற்கு நேர் எதிர். அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்கிறேன். பலகையையோ தகட்டையோ செதுக்கச் செதுக்க நடுநடுவே மை தடவி ஒரு தாள் எடுத்துப் பார்ப்போம். அதற்கு ப்ரூஃப் என்று பெயர். தகடு மாறிய ஒவ்வொரு கட்டமும் ஒரு ஸ்டேட். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653இல் 'மூன்று சிலுவைகள்' என்ற தகட்டைச் செய்தார், செப்புத் தகட்டில் ஊசியால் நேரே கீறிய வேலை. முதலில் எடுத்த தாள்களில் சிலுவையைச் சுற்றி நிற்கும் கூட்டம் தனித்தனி ஆட்களாகத் தெரியும். நாலாவது ஸ்டேட்டில் பல உருவங்களைத் தேய்த்து அழித்து, மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகளை இழுத்துப் படத்தையே இருட்டாக்கிவிட்டார். இரண்டு வகைத் தாளும் இன்றைக்கும் இருக்கின்றன. தாளில் பழையது தங்கிவிடும், தகடு மட்டும் திரும்பிப் போகாது.

லினோவில் நான் செய்வது ஒரே பலகையைக் கழித்துக் கழித்து அச்சிடும் முறை. முதலில் வெளிர் மஞ்சளை எல்லாத் தாளிலும் அடித்துவிட வேண்டும். மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தில் ஆரஞ்சு. மறுபடி செதுக்கி, அடுத்த நிறம். கடைசியில் பலகையில் கறுப்புக்கு வேண்டிய இடம்தான் மிஞ்சும். பிறகு "இன்னும் நாலு காப்பி" என்று யார் கேட்டாலும் முடியாது. எத்தனை தாள் என்று முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். பதினாலில் தொடங்கினேன், நிறம் விலகியது, கை ரேகை பதிந்தது என்று போய் இப்போது ஒன்பது. பிரெஸ் கிடையாது. தாளின் முதுகை எவர்சில்வர் கரண்டியால் தேய்த்து எடுப்பதுதான். (அம்மாவின் கோபத்துக்கு இன்னொரு காரணம்.) மை, பாரிமுனைப் பக்கம் வாங்கும் ஆப்செட் மை. ஐப்பசி கார்த்திகையில் ஒரு நிறம் காய ஒரு வாரம்கூட ஆகும். இந்த ஊர் வெயிலால் ஒரு லாபம், மொட்டை மாடியில் ஐந்து நிமிடம் வைத்தால் லினோ இளகி, உளி வெண்ணெயில் போவதுபோல் போகும்.

இந்தப் பலகையில் ஒரு பெரிய தப்பு செய்தேன். படகின் பெயர் 'செல்லியம்மன் துணை'. நேராக எழுதிச் செதுக்கிவிட்டேன். சோதனைத் தாளை எடுத்தால் கொம்பு வலப்பக்கம் போய், எல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது. அப்பா இருபது வருடம் படகுகளுக்குப் பெயர் எழுதியவர். தாளைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, பேரு திரும்பிக்கீது?" என்றார். அவர் கடைக் கண்ணாடிகளுக்கு உள்பக்கத்திலிருந்து எழுதிப் பழகியவர் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. புதுத் துண்டு லினோவைக் கொடுத்தேன். பென்சில் கோடுகூடப் போடாமல், துணையின் 'ணை'யில் தொடங்கி, பிரஷ்ஷாலேயே கண்ணாடிப் பிம்பமாக எழுதி முடித்தார். ஃப்ளெக்ஸ் வந்தபின் அந்தக் கைக்கு வேலை குறைந்துபோனது. படத்திலேயே உருப்படியான பகுதி அந்தப் பெயர்தான் என்பது என் அபிப்பிராயம்.

முடிந்தது என்று எப்படித் தெரியும்? லினோவில் சிக்கலே இல்லை, செதுக்க இடமில்லை என்றால் முடிந்தது. எண்ணெயில் எனக்கென்று ஓர் அடையாளம் வைத்திருக்கிறேன். படகை விட்டுவிட்டு ஓரங்களைச் சீர்செய்யக் கை போனால் நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் செய்வதெல்லாம் பயத்தில் செய்வது. இதையே அப்பாவிடம் கேட்டேன். "கூலி வாங்கினா முடிஞ்சுது" என்றார்.

இன்றைய நிலவரம்: ஒன்பது தாளிலும் மூன்றாவது நிறம் காய்ந்துகொண்டிருக்கிறது, பெயர் கடைசிக் கறுப்பில் வரும். நீலப் படகு சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. வெளியே கரையில் அதன் முகப்புக்கு யாரோ சிவப்பு அடிக்கிறார்கள்.