ரசிகையா, ஆய்வாளரா?

(அமெரிக்காவில் விளையாட்டுப் பண்பாடு பற்றிக் கற்பிக்கும் பேராசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மேடம், இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஜென் கான் மேசை விளையாட்டு மாநாட்டுக்கு ஆய்வாளராகவும் ரசிகையாகவும் போவதாகச் சென்ற இதழில் சொன்னீர்கள். ரோல் பிளேயிங் கேம் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, சேர்ந்து கதை வளர்க்கும் ஆட்டம்) ஆடுபவர்களைப் பற்றி ஆய்வு செய்ய எனக்கும் ஆசை. ஆனால், "நீயே ஆடுகிறவன், உனக்கு நடுநிலை எப்படி வரும்?" என்கிறார் என் நெறியாளர். என்ன பதில் சொல்ல? - ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

உங்கள் நெறியாளர் கேட்பது நியாயமான கேள்விதான், தம்பி. ஆனால் வெளியே நின்று பார்ப்பவருக்கு என்ன தெரியும்? ஆறு பேர் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள், நடுநடுவே பகடை உருளுகிறது, அவ்வளவுதான். இருபது முகப் பகடையை ஒருவர் கையில் எடுத்ததும் மேசையே ஏன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது என்பது, தன் பாத்திரத்தின் உயிரும் அந்த உருட்டலில் தொங்குகிறவருக்குத்தான் புரியும்.

சென்ற ஆண்டு 'கால் ஆஃப் கதுலு' ஆடும் மேசை ஒன்றில் உட்கார்ந்தேன். 1981இல் வந்த திகில் ஆட்டம் அது. பாத்திரத்தின் மனத்தெளிவுக்கும் அதில் ஒரு மதிப்பெண் உண்டு. காணக்கூடாததைக் காணக் காண அது குறையும். ஆட்டத்தை நடத்திய கேம் மாஸ்டர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். 1920களின் செய்தித்தாள் துணுக்குகளைத் தானே அச்சடித்து, தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிக் கொண்டுவந்திருந்தார். எனக்கு எதிரே இருந்த இளைஞர் முதல் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. அவருடைய பாத்திரம் ஒரு மருத்துவர். மனத்தெளிவு கரைந்துகொண்டே வந்து, கடைசியில் அந்த மருத்துவர் தன் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுப் பேசியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவரிடம் கேள்வித்தாளை நீட்டியிருந்தால் 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார். (அவர் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன்.)

சம்மதம் முக்கியம். உட்காரும்போதே நான் யார் என்று சொல்லிவிடுவேன். ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும்கூட, அந்த மேசையில் நான் வெறும் ஆட்டக்காரிதான். ஒரு வரி எழுத மாட்டேன். ஆட்டம் நடக்கும்போது நோட்டைத் திறப்பதும் இல்லை. முடிந்த பிறகு கன்வென்ஷன் சென்டர் தாழ்வாரத்தில் ஒரு மூலை பிடித்து உட்கார்ந்து, இரண்டு நோட்டுகளில் எழுதுவேன். நடந்தது ஒன்றில், எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் மற்றதில். வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், என் விருப்பம் எங்கே நுழைந்தது என்று தெரிந்துவிடும். நடுநிலைக்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

இந்த உலகத்தின் மேல் அன்பு இருப்பதாலேயே சில கேள்விகளை நாம் கறாராகக் கேட்கவும் வேண்டும். மாநாட்டின் பெரும்பகுதி கேம் மாஸ்டர்களாக வரும் ரசிகர்களின் உழைப்பில் நடக்கிறது. அந்த உழைப்பின் பலன் யாருக்குப் போகிறது? நான்கு நாள் விடுதி வாடகை கொடுக்க முடியாதவர்கள் எங்கே ஆடுகிறார்கள்?

முன்னோடிகளைக் கேட்டால் இரண்டு பேரைச் சொல்லுங்கள். கேரி ஆலன் ஃபைன் என்ற சமூகவியலாளர் ஆட்டக்காரர்களோடு மேசையில் உட்கார்ந்து ஆடியே ஆய்வு செய்து, 1983இல் நூலாக்கினார். ஹென்றி ஜென்கின்ஸ், தானும் ஒரு ரசிகன் என்று சொல்லிக்கொண்டே 1992இல் தொலைக்காட்சி ரசிகர்களைப் பற்றி எழுதினார். இருவரும் இன்று பாடத்திட்டங்களில் இருக்கிறார்கள்.

என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ரோல் பிளேயிங் கேம் ஆடுகிறான். பேய், மந்திரம், கொலை என்றே பேச்சு. பயமாக இருக்கிறது. - வாசகி, தாம்பரம்

இந்தப் பயம் அமெரிக்காவையும் ஒரு காலத்தில் ஆட்டிவைத்தது, அம்மா. 1982இல் மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு தாய், இந்த ஆட்டம்தான் காரணம் என்று நம்பி, அடுத்த ஆண்டே இதற்கு எதிராக இயக்கம் தொடங்கினார். அவருடைய துயரத்தை நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் ஆட்டம்தான் காரணம் என்பது நிரூபிக்கப்படவே இல்லை.

அதைவிடப் பயனுள்ள ஒன்று சொல்கிறேன். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் உருவாக்கிய 'எக்ஸ் கார்டு' இன்று பல மேசைகளில் இருக்கிறது. எக்ஸ் எழுத்து போட்ட சாதாரண அட்டை. கதையில் ஏதாவது மனத்தை உறுத்தினால் அதைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் அந்தப் பகுதியை விட்டுவிட்டு ஆட்டம் மேலே போகும். உங்கள் மகனின் மேசையிலும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை உங்களுக்கும் ஒரு சின்னப் பாத்திரம் கேளுங்கள். ஒரு சத்திரக்காரி போதும். பையன்கள் ஒருவர் பேசும்போது மற்றவர் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

செல்போன் காலத்தில் மேசை விளையாட்டுக்கு இவ்வளவு கூட்டமா? ஒரு முறை போவதாக இருந்தால் எதைப் பார்ப்பது? - வாசகர், பெங்களூரு

2023இல் ஜென் கானுக்கு 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். 1968இல் கேரி கைகாக்ஸ் என்ற ஆட்ட ஆர்வலர், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவாவில் 50 டாலர் வாடகைக்கு ஒரு மண்டபம் பிடித்துத் தொடங்கியது இது. அடுத்த ஆண்டு அங்கே அவர் டேவ் ஆர்னசன் என்ற இன்னோர் ஆட்ட ஆர்வலரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பிலிருந்துதான் 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறந்தது. மாநாடு 2003 முதல் இண்டியானாபொலிஸில் நடக்கிறது.

பழைய ஆட்டங்களின் ஏலத்தைத் தவறவிடாதீர்கள். எனக்கு அது அருங்காட்சியகத்துக்குச் சமம். ரசிகர்கள் சீட்டுகளால் ஒரு நகரத்தையே எழுப்பி, சனிக்கிழமை இரவு காசு எறிந்து தகர்ப்பார்கள். அந்தக் காசு அறப்பணிக்குப் போகிறது. விற்பனைக் கூடத்துக்கு அரை நாள் போதும்.

ஆட்டங்களுக்கு முன்பதிவு சீக்கிரம் நிரம்பிவிடும். கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலான ஆட்டங்களுக்குச் செல்லும் பொது டிக்கெட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, தொடங்கும் நேரத்தில் மேசைப் பக்கம் போய் நில்லுங்கள். பதிந்தவர் வராவிட்டால் அந்த நாற்காலி உங்களுக்கு. தயங்காமல் கேம் மாஸ்டரிடமே நேராகக் கேளுங்கள். ஆள் குறைந்தால் அவருக்கும் ஆட்டம் சுவைக்காது.