காலையில் வான்கோழி, பிற்பகலில் ஸ்டீல்ஹெட்: வாசகர் கேள்விகளும் வழிகாட்டியின் பதில்களும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பால்ட்வின் என்னும் சிற்றூரை ஒட்டி ஓடும் பெர் மார்கெட் ஆற்றில் படகு வலித்து, மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் வருவோரை அழைத்துச் செல்லும் வழிகாட்டி ஒருவர் இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

வசந்த காலத்தில் ஒரே நாளில் வேட்டை, மீன்பிடிப்பு ஆகிய இரண்டையும் நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். அது எப்படி முடிகிறது? (ஒரு வாசகர், சென்னை)

இரண்டுக்கும் உரிய பொழுதுகள் வேறுவேறாக இருப்பதால் முடிகிறது. வான்கோழிச் சேவல், இரவு அடைந்த மரக்கிளையில் இருந்தபடியே விடியலுக்கு முன் கூவத் தொடங்கிவிடும். ஆகவே இருட்டிலேயே நாங்கள் காட்டுக்குள் போய் அமர்ந்துவிட வேண்டும். ஏப்ரல் இறுதியில் இங்கே காலையில் புல்லின் மீது உறைபனி படிந்திருப்பது வழக்கம். இரவில் குளிர்ந்த ஆற்று நீர் வெயில் ஏறிய பிறகு ஓரிரு டிகிரி வெதுவெதுப்பாகும். அந்தச் சிறு மாற்றத்திற்குப் பிறகே மீன்கள் சுறுசுறுப்படைகின்றன என்பதால், நண்பகல்வரை ஆற்றில் எனக்கு அவசரம் ஏதும் இல்லை. துப்பாக்கியைத் தங்குமிடத்தில் பூட்டி வைத்த பிறகே விருந்தினரைப் படகில் ஏற்றுவேன்.

ஆனால் இரண்டு பருவங்களும் சேர்ந்திருப்பது சில நாட்களுக்குத்தான். ஸ்டீல்ஹெட் மீன்கள் முட்டையிடுவதற்காக ஆற்றில் பெருமளவில் ஏறுவது மார்ச், ஏப்ரல் மாதங்களில். வான்கோழி வேட்டைக்கான அனுமதியோ ஏப்ரல் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. எனவே இரண்டும் வேண்டும் என்று வருபவர்கள் சந்திப்பது பெரும்பாலும் முட்டையிட்டு முடித்து மிச்சிகன் ஏரிக்குத் திரும்பும் மீன்களைத்தான். உச்சப் பருவம் கிடைக்கவில்லையே என்று சிலர் வருந்துவார்கள். என்னைக் கேட்டால், பசியோடு இறங்கிவரும் அந்த மீன், சிறு மீனைப் போலக் கட்டிய செயற்கை இரையைத் துரத்தி வந்து அடிப்பதற்கு இணையான அனுபவம் உச்சப் பருவத்தில் கிடைப்பதில்லை.

எங்கள் ஊருக்கு அருகில் அவலாஞ்சியில் வளர்க்கப்படும் டிரவுட்டுக்கும் ஸ்டீல்ஹெட்டுக்கும் ஏதேனும் உறவு உண்டா? (ஒரு வாசகர், உதகமண்டலம்)

இரண்டும் ஒரே இனம். வானவில் டிரவுட் என்று நீங்கள் அறிந்த மீனே, குஞ்சுப் பருவத்தை ஆற்றில் கழித்துவிட்டுக் கடலுக்கோ பெரிய ஏரிக்கோ சென்று, அங்கே பருத்து வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்கு ஏறி வந்தால் அதை ஸ்டீல்ஹெட் என்கிறோம். எங்கள் மீன்களுக்குக் கடலாக அமைந்திருப்பது நன்னீர் நிரம்பிய மிச்சிகன் ஏரி. நீலகிரியைப் போலவே இங்கும் அது வந்தேறிய மீன்தான்: பசிபிக் கரையைச் சேர்ந்த இந்த இனம் 1876-இல் இம்மாநிலத்தின் ஆசபிள் ஆற்றில் விடப்பட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த முட்டைகளில் பொரித்த பழுப்பு டிரவுட் குஞ்சுகள் 1884-இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாக விடப்பட்டது எங்கள் பெர் மார்கெட் ஆற்று நீர்த்தொகுதியில்தான். மணற்பாங்கான நிலத்தடியிலிருந்து ஊற்று நீர் இடைவிடாமல் ஊறிவருவதாலும், முதன்மை ஆற்றின் குறுக்கே அணை இல்லாததாலும், இந்த மீன்கள் இங்கே தாமாகவே பெருகி நிலைத்துவிட்டன. பசிபிக் சால்மன்களைப் போல ஒருமுறை முட்டையிட்டதும் இறந்துபோவது இவற்றின் விதியன்று. பிழைத்தவை மறு ஆண்டும் வரக்கூடும்.

பெட்டையைப் போல ஒலியெழுப்பிச் சேவலை வரவழைப்பீர்களாமே? அவ்வளவு எளிதில் ஏமாறிவிடுமா? (ஒரு வாசகர், சிங்கப்பூர்)

ஏமாறாத நாட்களே மிகுதி. மூடியை உரசினால் ஒலிக்கும் சிறு மரப்பெட்டி, கல் வட்டின் மீது குச்சியால் தேய்த்து ஒலியெழுப்பும் கருவி, வாயின் அண்ணத்தில் பொருத்திக்கொள்ளும் மெல்லிய சவ்வு ஆகிய மூன்றும் என்னிடம் உண்டு. முந்தைய மாலையில் ஆந்தையைப் போல அலறினால், மரத்தில் அடைந்த சேவல் தன்னையறியாமல் கூவிவிடும். அதைக் கொண்டு இடத்தைக் குறித்துக்கொண்டு, விடியுமுன் அந்த மரத்துக்கு ஓரளவு தொலைவில், தோளைவிட அகலமான அடிமரத்தில் சாய்ந்து அமர்வோம்.

சிக்கல் அதன் பிறகே தொடங்குகிறது. இயற்கையில் பெட்டைதான் சேவலைத் தேடிச் செல்லும்; நாமோ சேவல் நம்மைத் தேடி வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அது கூவி விடை தந்து, எண்பது மீட்டர் தொலைவில் நின்று, வாலை விசிறியாக விரித்துக்கொண்டு, பெட்டை வரட்டும் என்று காத்திருக்கும். அந்த நேரத்தில் இன்னும் கூப்பிடுங்கள் என்று விருந்தினர் கண்ணாலேயே கெஞ்சுவார். கூப்பிடக் கூப்பிட அது அங்கேயே நிற்கும் என்பதால், நான் வாயை மூடிக்கொண்டு, மேய்கின்ற பெட்டை கிளறுவதைப் போலக் காய்ந்த சருகை விரலால் இலேசாகக் கிளறுவேன். மோப்ப சக்தி குறைந்த பறவையாயினும், நிறங்களைப் பிரித்தறியும் அதன் கண் தலையைச் சற்றே திருப்பினால் சுற்றிலும் பார்த்துவிடும். கருவிக்காகக் கையை அசைத்தாலும் அத்தோடு முடிந்தது. அருகில் வந்தபின் வாய்ச்சவ்வு ஒன்றே உதவும்.

விடியலில் பெட்டைகள் புடைசூழ நிற்கும் சேவலை யாராலும் அசைக்க முடியாது. ஆனால் அவை ஒன்பது, பத்து மணி வாக்கில் முட்டையிடக் கூட்டுக்கு நழுவிவிடும். தனித்து விடப்பட்ட சேவல் அப்போது நம் ஒலிக்குச் செவிசாய்க்கும். எட்டு மணிக்கே சலித்துக்கொண்டு காப்பி குடிக்கக் கிளம்புபவர்கள் தவறவிடுவது இந்த நேரத்தைத்தான்.

உயிர்கள் இனம் பெருக்கும் காலத்திலேயே அவற்றைக் கொல்வது அறமாகுமா? (ஒரு வாசகி, மதுரை)

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. வான்கோழிச் சேவல் அடைகாப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ பங்கேற்பதில்லை. ஒருமுறை இணைசேர்ந்த பெட்டை விந்தணுக்களைத் தன் உடலில் தேக்கிவைத்து, பத்துப் பன்னிரண்டு முட்டைகள் கொண்ட முழு ஈட்டையும் கருவுறச் செய்துகொள்ளும். ஆகவே இணைசேர்க்கை பெரும்பாலும் முடிந்த பிறகு சில சேவல்களை எடுப்பதால் குஞ்சுகளின் எண்ணிக்கை குறைவதில்லை என்பதே வசந்த வேட்டையின் அடிப்படை. இங்கே அந்தப் பருவத்தில் மார்பில் மயிர்க்கற்றை போன்ற தாடி தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். அரிதாகச் சில பெட்டைகளுக்கும் தாடி உண்டு, சட்டம் அனுமதித்தாலும் அவற்றைச் சுட நான் விடுவதில்லை. பருவத்தை எப்போது திறப்பது என்பதில் மட்டும் வாதம் ஓயவில்லை. அண்மை ஆண்டுகளில் தெற்கு, நடுமேற்கு மாநிலங்கள் சிலவற்றில் வான்கோழிகள் குறைந்துவரும் நிலையில், தாமதமாகத் திறப்பதே நல்லது என்னும் பக்கமே நான் சாய்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் மிச்சிகனில் 1900-ஐ ஒட்டி இப்பறவை அறவே இல்லாமல் போயிற்று. 1954-இல் பென்சில்வேனியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட பின்னரே மீண்டும் வேரூன்றியது. நாடு முழுவதும் இத்தகைய மீட்புப் பணிகளுக்குப் பெரும்பணம் வந்தது வேட்டை உரிமக் கட்டணத்திலிருந்தும், 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டாக்கள் மீது விதிக்கப்படும் வரியிலிருந்தும்தான். மீன்பிடி கருவிகளுக்கும் 1950-இல் அப்படியொரு வரி வந்தது. கொல்வதற்கு இது நியாயமாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம்; ஆகாது என்று சொல்பவரோடு நான் வாதிடுவதில்லை.

மீன் விஷயத்தில் என் மனசாட்சி இன்னும் கடுமையானது. பெண் மீன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும்போது, ஆழமற்ற நீரில் அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதன் மீது தூண்டில் வீசுவதை இங்கே சட்டம் தடுக்கவில்லை. வழிகாட்டிகளிலும் சிலர் வீசவைக்கிறார்கள். நான் அந்த இடத்தைத் தாண்டிப் படகைச் செலுத்தி, கீழே இருண்டு தெரியும் ஆழத்தில்தான் நிறுத்துவேன். சுற்றியுள்ள தரையைவிட வெளுத்து, நீள்வட்டமாகத் தெரியும் கற்பரப்பில் கால் வைத்தால், பொரிக்கக் காத்திருக்கும் முட்டைகள் நசுங்கும் என்பதைப் படகிலிருந்து இறங்குமுன் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவேன்.

பணி விசாவில் இங்கே இருக்கும் நான் துப்பாக்கி ஏந்தி வேட்டைக்கு வரலாமா? (ஒரு வாசகர், டிராய், மிச்சிகன்)

குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. முறைப்படி பெற்ற வேட்டை உரிமம் கையிலிருப்பது அதற்கான விதிவிலக்குகளுள் ஒன்று. 1960 ஜனவரி முதல் நாளிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உரிமம் வாங்க, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் தேவை. துப்பாக்கியைத் தொடுமுன் உங்கள் நிலையை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்கள் கைக்குட்டையில்கூட இருக்கக் கூடாது. சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும் என்பதால், இன்னொரு வேட்டைக்காரர் உங்களைப் பறவை என்று கருதிவிடலாம். காட்டில் வான்கோழியின் ஒலி கேட்டால் அதை நோக்கிப் பதுங்கிச் செல்லாதீர்கள். ஒலியெழுப்புவது மனிதராகவும் இருக்கலாம்.

இவற்றை எப்படிச் சமைப்பது? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

காட்டு வான்கோழியில் கொழுப்பு மிகக் குறைவு. நெஞ்சுக்கறியை மெல்லிய துண்டுகளாக்கி விரைவாக வறுத்தெடுக்க வேண்டும். ஓடித் திரிந்து இறுகிய தொடைக்கறிக்கு மிளகுக் குழம்பும் பொறுமையும் தேவை, ஈயக் குண்டுகளைத் தேடி எடுத்துவிடுங்கள். ஸ்டீல்ஹெட்டைப் பொறுத்தவரை, பால்ட்வினுக்குக் கீழே பூச்சியைப் போலவோ சிறு மீனைப் போலவோ கட்டிய ‘செயற்கை ஈ’ என்னும் இரையால் மட்டுமே பிடிக்கக்கூடிய பகுதியில் எல்லா மீனையும் திரும்ப விட்டுவிட வேண்டும். மற்ற பகுதிகளில் பிடித்ததை உண்பதானால், பெரிய ஏரியில் வளர்ந்த மீனில் வேதிப்பொருள்கள் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், மாநில சுகாதாரத் துறை வெளியிடும் மீன் உணவு வழிகாட்டியைப் பார்த்து அளவை முடிவுசெய்யுங்கள். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இது கட்டாயம்.